ஸ்டேடியோன் வாசலில் வெள்ளிக்கிழமை

ஒருநாள் காலை கடை திறக்கப் போனேன். கடையைச் சுற்றி நெடிய அலுமினியக் கம்பங்கள் நின்றன. முதல்நாள் பின்னேரம் பூட்டிக்கொண்டு போகும்போது ஒன்றும் இருக்கவில்லை. இந்த நாட்டில் ஒரு கட்டடம் எழும்புவதற்கு முன்னால், அது எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம், கூரை எந்தப் பக்கம் சரியும் என்பதையெல்லாம் அந்த நிலத்திலேயே கம்பம் நட்டுக் காட்டவேண்டும். ஊர்ச்சனம் வந்து பார்க்கும். என் வெயிலை மறைக்கிறது, என் மலையை மறைக்கிறது என்று சொல்ல நினைப்பவர்கள் எழுதிக் கொடுக்கலாம். வந்த புதிதில் இவற்றை வானொலிக் கம்பங்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு எத்தனையோ காணிகளில் கண்டு பழகிவிட்டேன். ஆனால் கம்பங்களுக்கு உள்ளே நின்று பார்த்தது அன்றைக்குத்தான். எங்கள் கடை, இன்னும் பிறக்காத ஒரு பெரிய கட்டடத்தின் வயிற்றுக்குள் இருந்தது.

ஓல்டனிலிருந்து ரெயிலில் கொஞ்ச நேரத்தில் வந்துவிடக்கூடிய ஒரு நடுத்தரமான ஊர் எங்களுடையது. ஊரின் நடுவில், ஸ்டேசனுக்குப் பின்னால், ஒரு பழைய உதைபந்தாட்ட மைதானம். எல்லோரும் ஸ்டேடியோன் என்றே சொல்லுவார்கள். அதன் வாசலில் மரப்பலகையால் அடித்த ஒரு இம்பிஸ், அதாவது நின்றபடி சாப்பிட்டுவிட்டுப் போகிற சின்னச் சாப்பாட்டுக் கடை. அதைத்தான் நானும் என் கணவரும் பல வருடமாக நடத்திவந்தோம். இவர் அதற்கு முன் ஹோட்டல் அடுப்படிகளில் கோப்பை கழுவியவர். நான் முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்தவள். இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு இந்த வழி தெரியும். நீங்களும் கூர், வில் என்று இங்குள்ள ஏதோவொரு ஊரில், யாரோ ஒருவருடைய அடுப்படியில் நின்று வெந்தவர்கள்தான். ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்குச் சொல்லுகிறேன்: சொந்தமாக ஒரு அடுப்பு என்பது இங்கே சின்ன விசயமில்லை. அதைப் பிள்ளையார் தந்தார் என்றுதான் நான் இன்றைக்கும் சொல்லுவேன். இவர் நின்று நின்று தேய்ந்த தன்னுடைய முழங்கால் தந்தது என்பார். இரண்டும் உண்மைதான்.

மற்ற நாட்களில் பக்கத்துப் பட்டறைகளில் வேலை செய்கிறவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவார்கள். கோழிக்கறி, சோறு, கொத்துரொட்டி எல்லாம் இருக்கும். வெள்ளிக்கிழமையில் மட்டும் மரக்கறிதான். இது நான் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. கப்பல் ஏறினாலும் விமானம் ஏறினாலும் மாற்றிக்கொள்ளவில்லை. சிக்கல் என்னவென்றால், எங்கள் ஊர் அணி விளையாடுவது பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில். சனம் நிறைந்து வருகிற ஒரே நாளில் எங்கள் கடையில் இறைச்சி இல்லை. முதல் தடவை வந்த ரசிகர்கள் வூர்ஸ்ட் எங்கே, வூர்ஸ்ட் எங்கே என்று இறைச்சிச் சொசேஜைக் கேட்டுவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்கள். பிறகு ஒருவர் உளுந்து வடையை வாங்கி, வேறு வழி தெரியாமல் அதில் கடுகுச் சாந்தைப் பூசிச் சாப்பிட்டார். அடுத்த வெள்ளி இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். சம்பலை நீட்டினால் வேண்டாமென்று கையைக் காட்டிவிட்டு, மஞ்சள் கடுகைப் பிதுக்கிப் பிதுக்கித் தின்றார்கள். என் மனம் முதலில் ஒப்பவில்லை. பிறகு, அவர்கள் நாக்கு, அவர்கள் கடுகு என்று விட்டுவிட்டேன். மைதானத்துக்குள் ஆளுக்கொரு வடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வெள்ளைக்காரரைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும்.

அந்த முதல் ஆளின் பெயர் ரூடி. ரெயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. மழை பெய்தாலும் பனி கொட்டினாலும் மைதானத்து வேலியில் ஒரே இடத்தில் சாய்ந்து நிற்பார். கம்பங்கள் நின்ற அந்தக் காலையிலும் அவர்தான் முதலில் வந்தார். வந்து, அண்ணாந்து பார்த்து, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு எங்கள் கடைக் கூரைக்கு மேலே, ஒன்றுமில்லாத வானத்தில் ஒரு இடத்தைக் காட்டி, "அங்கே ஒருத்தன் படுத்து நித்திரை கொள்ளப் போகிறான், ஃப்ராவ் சிவா. நாங்கள் கோல் அடித்தால் பொலிசைக் கூப்பிடுவான்" என்றார். என் கணவரின் பெயர் சிவபாலன். அதனால் இங்குள்ளவர்களுக்கு நான் திருமதி சிவா. என் சொந்தப் பெயரை ரூடி ஒருநாளும் கேட்டதில்லை. நானும் அவருடைய முழுப்பெயரைக் கேட்டதில்லை.

அன்று வேலை ஓடவில்லை. எனக்கு வலிகாமம் வடக்கில் எங்கள் வீடு நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. ஷெல் விழத் தொடங்கியதும் உடுத்த உடுப்போடு ஓடினோம். இரண்டு நாளில் திரும்பலாம் என்று அம்மா அரிசிப் பானையை மூடி வைத்துவிட்டு வந்தார். பிறகு அது இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம் ஆகிவிட்டது. முள்ளுக்கம்பிக்கு அப்பால் எங்கள் வீடு எப்போது இடிந்தது, யார் இடித்தார்கள், அந்த இடத்தில் என்ன கட்டினார்கள் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் அந்தப் பக்கக் காணிகளில் ஒரு பகுதியை விட்டார்கள். அண்ணா போய்ப் பார்த்துவிட்டு ஃபோன் எடுத்தார். கிணறு மட்டும் இருக்கிறது, அதுவும் எங்கள் கிணறுதானா என்று நிச்சயமில்லை என்றார். அந்த வீட்டை எடுத்தவர்கள் ஒரு தடியும் நடவில்லை. இங்கே எடுப்பவர்கள் முதலில் காட்டுகிறார்கள். காட்டிவிட்டும் எடுக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் முகத்தைப் பார்த்து எடுக்கிறார்கள். அந்த வித்தியாசத்தின் பெறுமதி முள்ளுக்கம்பிக்கு வெளியே நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

மகள் கீர்த்தனா வேலையால் வந்து, கம்பத்தடியில் ஒட்டியிருந்த அறிவித்தலை வாசித்துச் சொன்னாள். பழைய மைதானத்தைத் திருத்திப் புதிதாக்கப் போகிறார்கள். சுற்றிவர நிலத்துக்கடியில் வாகனத் தரிப்பிடம், மேலே வீடுகள், ஒரு சுப்பர்மார்க்கெற், வாசலில் ஒரு முற்றம், முற்றத்தைச் சுற்றி வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். எங்கள் இம்பிஸ் இருக்கும் இடத்தில் கார்கள் கீழே இறங்கும் பாதை. நாங்கள் எதிர்த்து எழுதலாமென்று கீர்த்தனா சொன்னாள். இவர் வேண்டாமென்றார். நிலம் எங்களுடையதில்லை, இவ்வளவு காலமும் விட்டுவைத்ததே பெரிது என்றார். அதற்குப் பதிலாக, புதுக் கடைகளில் ஒன்று கிடைக்குமா என்று கேட்டுப் பார்ப்போம் என்றார். அவருக்கு அப்போதே ஐம்பத்தைந்து கடந்துவிட்டது. அந்த முழங்காலோடு திரும்ப ஒரு ஹோட்டலில் போய்க் கோப்பை கழுவ ஏலாது. வேறு யாரும் வேலை தரவும் மாட்டார்கள். எனவே கடை கிடைப்பதும் கிடைக்காததும் எங்களுக்கு விளையாட்டுக் காரியமாக இருக்கவில்லை.

கட்டடக்காரரின் நிறுவனத்தில் கடைகளை வாடகைக்கு விடுகிற பொறுப்பு ஃப்ராவ் வீஸ் என்ற பெண்மணியிடம் இருந்தது. பழைய கடைக்காரருக்கும் ஒரு சந்தர்ப்பம் கொடுக்க வேண்டுமென்று நகரசபையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால் எங்களைச் சமைத்துக் காட்டச் சொன்னார்கள். விளையாட்டு நாளில் எப்படிச் சமாளிக்கிறோம் என்று பார்க்க வேண்டுமாம். அப்படியென்றால் வெள்ளிக்கிழமை. மைதானத்துக் கழகத்தின் சமையலறையைத் திறந்துவிடுவார்கள். ஃப்ராவ் வீஸும், அவருடைய மேலாளர் ஒருவரும், ரசிகர்கள் சார்பில் ரூடியும் வந்து சாப்பிடுவார்கள்.

அதைக் கேட்டதிலிருந்து இவர் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் ஒரு இரவு, சாப்பிட்ட கோப்பையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"இஞ்சரும், ஒரே ஒரு வெள்ளிக்கிழமைக்கு ஒரு கோழிக்கறி வைச்சால் பிள்ளையார் கோவிச்சுக்கொண்டு போயிடுவாரே?"

"அவர் ஏன் போறார்? அவருக்கு முன்னால நிக்க ஏலாமல் நான்தான் போகவேண்டி வரும்."

"அப்ப கடை?"

"அவர் தந்த கடை. அவருக்குத் தெரியும்."

இவர் கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அவருக்குத் தெரியும், வாடகைக்கு விடுறவைக்குத் தெரியாதே" என்று சொல்லிக்கொண்டு படுக்கப் போனார்.

அந்த வெள்ளி வந்தது. கழகத்துச் சமையலறை எங்கள் கடையைவிட நாலு மடங்கு. எல்லாம் பளபளவென்ற உருக்கு. எந்த அடுப்பை எப்படித் திருகுவதென்று கண்டுபிடிப்பதற்கே நேரம் போய்விட்டது. கோப்பி மெசின்மேல் பிள்ளையார் படத்தைச் சாத்தி வைத்தேன். சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, தயிர், வடை. இவர் வடைக்கு எண்ணெய்ச் சட்டியடியில் நின்றார். கீர்த்தனா ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அம்மா, ருசி பாருங்கோ. இஞ்சத்தைச் சமையல்காரர் ருசி பாக்காமல் ஒரு கோப்பையும் வெளியில விடமாட்டினம்."

"படைச்சாப் பிறகு பாக்கலாம், பிள்ளை."

வெள்ளிக்கிழமைச் சமையலை நான் சுவாமிக்குப் படைக்காமல் வாயில் வைப்பதில்லை. உப்பும் புளியும் கை அளவுதான். இத்தனை வருடத்தில் கை பிழைத்ததில்லை. படைத்து முடித்து, காகத்துக்கு ஒரு பிடி வைத்து, அதற்குப் பிறகு நாங்கள் ஒரு வாய் பார்த்துவிட்டுக் கடையைத் திறப்போம். அன்றைக்கும் அப்படித்தான் கணக்கு. ஆனால் இந்த நாட்டில் ஒரு மணிக்கு வருகிறோம் என்றவர்கள் ஒரு மணிக்கு முன்பாகவே வாசலில் நிற்பார்கள் என்பதை, இவ்வளவு காலம் இருந்தும் மறந்துபோனேன். நான் இலைக்குப் பதிலாக வைத்த வாழையிலைக் கடதாசியில் படைத்துக்கொண்டிருக்கும்போது மூன்று பேரும் உள்ளே வந்துவிட்டார்கள். நான் கைகூப்பி நிற்பதைக் கண்டு அவர்களும் கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் நின்றார்கள். வந்தவர்களை எவ்வளவு நேரம் நிற்பாட்டி வைப்பது? காகத்தையும் விட்டு, ருசி பார்ப்பதையும் விட்டு, நேரே பரிமாறிவிட்டேன்.

ஃப்ராவ் வீஸ்தான் முதலில் பருப்பை வாயில் வைத்தார். மெதுவாக மென்றார். தண்ணீர் குடித்தார். பிறகு என்னைப் பார்த்து, கண்ணில் ஒரு குறும்போடு, நான் யாரையாவது காதலிக்கிறேனா என்று டொய்ச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், கேட்டார்.

எனக்கு அந்த டொய்ச் சொல் நன்றாகத் தெரியும். கீர்த்தனா பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் ஃபோனில் சிநேகிதிகளோடு கதைக்கும்போது அடிக்கடி காதில் விழுந்த சொல். நான் இவரைப் பார்த்தேன். இவர் வடைக் கரண்டியோடு அப்படியே நின்றார். ஒரு பெரிய நிறுவனத்துப் பெண்மணி, கணவன் பக்கத்தில் நிற்க, ஐம்பது வயது தாண்டிய ஒரு மனிசியிடம் இப்படிக் கேட்கலாமோ? இது வாடகைக்கு விடுமுன் கேட்கிற கேள்விகளில் ஒன்றாக்கும் என்றும் ஒருகணம் நினைத்தேன். நிமிர்ந்து நின்று, எனக்குத் தெரிந்த டொய்ச்சில், நான் கலியாணம் முடித்தவள் என்று சொன்னேன்.

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் கோப்பைகள் அதிர்ந்தன. கீர்த்தனா முகத்தைக் கையால் பொத்திக்கொண்டாள். "அம்மா, உப்புக் கூடிப்போச்சுது. இஞ்ச சாப்பாட்டில உப்புக் கூடினால் சமைச்ச ஆளை அப்பிடித்தான் பகிடி பண்ணுவினம்."

இவர் ஒரு கரண்டி பருப்பை எடுத்து வாயில் விட்டார். விழுங்கினார். பிறகு மெல்லிய குரலில், "நானும் போட்டனான்" என்றார்.

நடந்தது இதுதான். நான் கடையிலிருந்து போத்தலில் கொண்டுபோன உப்பைப் பருப்புக்குப் போட்டுவிட்டேன். இவர் அங்கிருந்த உப்புப் பைக்கற் உடைக்காமல் கிடப்பதைக் கண்டு, மனிசி பதட்டத்தில் மறந்துபோனாள் என்று உடைத்து அள்ளிப் போட்டிருக்கிறார். நானும் ருசி பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமையல்லவா. மேலாளர் புருவத்தைச் சுருக்கி, சமைப்பவர்கள் தங்கள் சாப்பாட்டை ஏன் சாப்பிட்டுப் பார்க்கவில்லை என்று கேட்டார். அவர் கேட்ட விதத்தில், இதில் ஏதோ மறைக்கிறீர்கள் என்பதுபோல ஒரு சந்தேகம் இருந்தது. நான் கோப்பி மெசின் பக்கம் கையைக் காட்டி, முதலில் கடவுள், பிறகு விருந்தாளி, பிறகு நான் என்றேன். என் இலக்கணம் எப்படியிருந்ததோ, விசயம் போய்ச் சேர்ந்தது. ரூடி தயிர்க் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தார். வடை வாங்க வரும் நாட்களில் நான் பிசைவதைப் பார்த்துப் பழகிய கைதான். பருப்புச் சோற்றில் தயிரை விட்டுப் பிசைந்து மற்ற இருவருக்கும் காட்டினார். அப்படிச் சாப்பிட்டு முடித்தார்கள். மற்றக் கறிகள் பிழையில்லை. கத்தரிக்காயை ஃப்ராவ் வீஸ் திரும்பக் கேட்டு வாங்கினார்.

பிறகுதான் உண்மையான கதை வந்தது. மேலாளர் கெட்ட மனிதர் அல்ல, நியாயமாகவே பேசினார். விளையாட்டு நாளில்தான் அந்த முற்றத்தில் சனம் நிறையும், அன்றைக்குப் பாதிச் சமையலை நிற்பாட்டுகிற ஒருவருக்குக் கடையைக் கொடுப்பது எப்படி என்றார். வெள்ளியிலும் இறைச்சி வைப்பதாக நாங்கள் ஒத்துக்கொண்டால் யோசிக்கலாம் என்றார். கீர்த்தனா அதைத் தமிழில் சொல்ல வாயெடுத்தாள். எனக்கு விளங்கிவிட்டது. நான் இவரைப் பார்த்தேன். இவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு முழங்காலைத் தடவினார். அவர் ஓம் என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அவர் சொல்லவில்லை.

"வெள்ளியில ஏலாது எண்டு சொல்லு, பிள்ளை" என்றேன். "அப்ப கடை இல்லையெண்டால், இல்லை. இவ்வளவு நாளும் இருந்ததுக்கு நன்றி எண்டும் சொல்லு."

கீர்த்தனா சொன்னாள். அப்போது ரூடி, வாயைத் துடைத்துக்கொண்டு, மேலாளரைப் பார்த்து, உன் வீட்டில் வெள்ளிக்கிழமை என்ன சாப்பிட்டு வளர்ந்தாய் என்று கேட்டார். அந்த மனிதர் முதலில் முழித்தார். பிறகு, வேயெ என்றார். அது ஒரு தட்டையான பணியாரம். மாவுத் தட்டின் மேல் பழமோ சீஸோ பரப்பிச் சுடுவது. இங்கத்தைய பழைய வீடுகளில் வெள்ளிக்கிழமையில் இறைச்சி கிடையாதாம், அதுதானாம் சாப்பாடு. எத்தனையோ வருடமாக இந்த நாட்டில் இருந்தும் எனக்கு இது தெரியாது. என் வெள்ளிக்கிழமையைப் பற்றி நானும் சொல்லவில்லை, தங்களுடையதைப் பற்றி அவர்களும் சொல்லவில்லை. ரூடியின் வீட்டில் அப்பிள். மேலாளர் வீட்டில் சீஸ். ஃப்ராவ் வீஸ், ருபார்ப் போட்டதுதான் திறம், மற்றதெல்லாம் சாப்பாடே இல்லை என்றார். மூன்று பேரும் எங்களை மறந்துபோய், எது நல்ல வேயெ என்று சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள். அந்த மேலாளரின் முகம் சின்னப் பிள்ளையின் முகம்போல ஆகிவிட்டது. இவர் சத்தம் போடாமல் அவர்கள் முன்னால் சூடாக வடைகளை வைத்தார்.

முடிவை அன்று சொல்லவில்லை. அதன்பிறகு வந்த காத்திருப்பு பெரிது. கோயிலுக்குப் போகும்போதெல்லாம் பிள்ளையாரிடம் ஒன்றையும் கேட்காமல் நின்றுவிட்டு வந்தேன். கேட்டால் பேரம்போல ஆகிவிடும் என்று பயம். பிறகு ஒருநாள் ஃப்ராவ் வீஸ் ஃபோன் எடுத்தார். முற்றத்தைப் பார்த்த முன் வரிசை இல்லை. பின்பக்கம், ரெயில் பாதையைப் பார்த்த மூலைக் கடை. வெள்ளிக்கிழமை எங்கள் விருப்பப்படி. மேலாளரின் ஒரே நிபந்தனை, பருப்புக்கு ஒரு ஆள் மட்டும் உப்புப் போடவேண்டுமாம். இவர் ஃபோனை வைத்துவிட்டு, உப்புப் போத்தலை என் பக்கம் தள்ளி வைத்தார்.

இப்போது நீங்கள் வந்து பார்த்தால் பழைய இடத்தைக் கண்டுபிடிக்க ஏலாது. முன்பக்கம் பேர்கர் கடை, இத்தாலியன், கிண்ணத்தில் சோறும் பச்சை மீனும் போட்டுக் கொடுக்கிற கடை, வாசிக்கவே ஏலாத பெயரில் ஒரு கோப்பிக் கடை. எல்லாவற்றிலும் மரக் கதிரைகளும் தொங்குகிற பல்புகளும். ரசிகர்கள் முன்பு பியர் குடித்த பழைய தவறணை இல்லை. மேல்மாடி வீட்டுக்காரர்கள், மைதானம் தெரிகிறது என்று ஆசைப்பட்டு வந்துவிட்டு, மேளச் சத்தம் கேட்கிறது என்று முறைப்பாடு எழுதுகிறார்களாம். ரூடி சொன்னது பலித்துவிட்டது. அவருக்கு இந்தப் புதுமைகளில் ஒன்றும் பிடிக்கவில்லை. ஆனாலும் தன் கூட்டத்தைக் கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் கூட்டி வருகிறார். நான் அவரைப்போல மனம் நொந்துகொள்ளவில்லை. ஒரு ஊர் மாறும்போது எங்களையும் சேர்த்துக்கொண்டு மாறியதை என் வாழ்வில் முதல் தடவையாகக் கண்டேன்.

புதுக் கடையின் முதல் விளையாட்டு நாள் வெள்ளிக்கிழமைதான். புதுக் கட்டடத்தில் கூரை முழுக்கப் புகை கண்டுபிடிக்கிற கருவிகள். கற்பூரம் கொளுத்தினால் தீயணைப்பு வண்டி வந்து நிற்கும் என்று கீர்த்தனா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இவர் சுவாமிப் படத்துக்கு ஒரு சின்ன மின்விளக்குப் பூட்டித் தந்தார். இருந்தாலும் புது இடத்தில் முதல் நாள் கற்பூரம் காட்டாமல் எனக்கு ஏலாது. தட்டை எடுத்துக்கொண்டு பின்கதவால் போனேன். அந்தக் கதவு தானாகவே சாத்திக்கொள்ளும்; சாத்தினால் வெளியிலிருந்து திறக்காது. அதனால் ஒரு காலைக் கதவுக்குள் முட்டுக் கொடுத்து, மற்றக் காலை வெளியே வைத்துக்கொண்டு, குனிந்து கொளுத்தினேன். காற்று அடித்தது. கையால் மறைத்தேன். முன்னால் தண்டவாளம், அதற்கப்பால் கிழக்கு. எங்கள் பழைய வீட்டுக் காணியில் பற்றை வெட்டத் தொடங்கிவிட்டேன் என்று அண்ணா அன்று காலைதான் ஃபோனில் சொல்லியிருந்தார். அவருக்காகக் கும்பிட்டேன். எங்கள் அணி வெல்ல வேண்டுமென்று ரூடி கேட்டிருந்தார், அதற்கும் கும்பிட்டேன். உள்ளேயிருந்து இவர், "இஞ்சரும், சனம் நிக்குது" என்று கூப்பிட்டார். மைதானத்திலிருந்து ஒரு பெரிய ஆரவாரம் எழும்பியது. எங்கள் பக்கம் அடித்ததா, மற்றப் பக்கம் அடித்ததா என்று தெரியவில்லை. கதவு கணுக்காலை நெரித்தது. கற்பூரம் எரிந்து முடியட்டும் என்று அப்படியே நின்றேன்.